மலேரியா வந்ததா என்று வீட்டில் கேட்டால்...

1998-99ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் இரண்டாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சென்ற கணக்கெடுப்பாளர்கள், பல கேள்விகளுக்கு நடுவே இப்படியும் ஒரு கேள்வி கேட்டார்கள்: கடந்த மூன்று மாதங்களில் இந்த வீட்டில் யாருக்காவது மலேரியா வந்ததா? கிடைத்த விடைகளைக் கூட்டிப் பார்த்தபோது, ஒரு லட்சம் பேரில் 3,697 பேருக்கு மலேரியா வந்ததாகக் கணக்கு வந்தது. அன்றைய மக்கள் தொகையோடு இதைப் பெருக்கிப் பாருங்கள். மூன்றே மாதங்களில் ஏறத்தாழ மூன்றரைக் கோடி பேர்! அதே காலத்தில் அரசின் மலேரியாத் துறை, கண்ணாடித் தகட்டில் தடவிய இரத்தத்தில் கிருமியைக் கண்டு உறுதி செய்த நோயாளிகளோ ஓர் ஆண்டு முழுவதற்கும் சுமார் 22 லட்சம் பேர்தான்.

இரண்டு எண்களும் அரசாங்கத்தின் எண்கள். இரண்டும் அச்சில் வந்தவை. எதை நம்புவது? துறையின் கணக்கு மிகக் குறைவு என்று வாதிட இடம் உண்டு. தனியார் மருத்துவரிடம் போனவர்கள் அதில் வருவதில்லை. சோதனையே செய்துகொள்ளாதவர்கள் வருவதில்லை. ஆனால் வீட்டுக் கணக்கு உண்மைக்கு அருகில் இருக்கிறது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அங்கே எண்ணப்பட்டது மலேரியா அல்ல. மலேரியா என்று வீட்டார் கருதியது. வீட்டில் ஒருவர், அனைவருக்குமாகச் சேர்த்துச் சொன்ன விடை அது. மருத்துவமனைச் சீட்டோ, சோதனை முடிவோ யாரும் காட்ட வேண்டியதில்லை.

மலேரியாத் தடுப்பையும் சிகிச்சையையும் பற்றி வீடு வீடாகக் கேட்டறியும் கணக்கெடுப்புகள் இன்று உலகெங்கும் நடக்கின்றன. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் மலேரியாவுக்கென்றே தனிக் கணக்கெடுப்பு உண்டு. அவற்றின் வினாத்தாளை ஒரு நூலைப் படிப்பது போலப் படித்து, அது நம் ஊருக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நம் ஊர் என்று நான் எடுத்துக்கொள்வது விருதுநகர் மாவட்டம். அதிலும் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசு வட்டாரம். மலேரியா அதிகமுள்ள இடமா அது என்று கேட்பீர்கள். இல்லை. அதனால்தான் அதை எடுத்துக்கொண்டேன். நோய் மிகுந்த இடத்தில் மோசமான கேள்விகூட ஏதோ ஒரு விடையைக் கொண்டுவந்துவிடும். நோய் அரிதாகிவிட்ட இடத்தில்தான் கேள்வியின் தரம் வெளிப்படும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். விருதுநகர்ப் பக்கத்தில் ஒருவர் நோயுற்றால் ‘மேலுக்கு முடியலை’ என்பார். உடல் சுட்டால் ‘மேலு சுடுது’ என்பார். நடுக்கம் இருந்தால் ‘குளிர்காய்ச்சல்’. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால் அதற்கு ‘முறைக்காய்ச்சல்’ என்று பழைய பெயர் ஒன்று இருந்தது. இன்று முதியவர்கள்தாம் அதை அறிவார்கள். கடுமையாக இருந்தால் ‘விஷக்காய்ச்சல்’. நாளேடுகள் தந்த பெயர் ‘மர்மக்காய்ச்சல்’. இவற்றில் எது மலேரியா? குளிரும் நடுக்கமும் சிறுநீர்த் தொற்றிலும் வரும், யானைக்கால் நோய்க் காய்ச்சலிலும் வரும், நிமோனியாவிலும் வரும். விஷக்காய்ச்சல் என்பது டைபாய்டாகவும் இருக்கலாம், டெங்குவாகவும் இருக்கலாம். வினாத்தாளில் ‘மலேரியா’ என்று ஒரு சொல்லை அச்சிட்டுவிட்டால், எதிரே இருப்பவர் மனத்திலும் அதே நோய் தோன்றும் என்று எண்ணுவது வினாத்தாளை எழுதியவரின் ஆசை மட்டுமே.

‘மருந்து’ என்ற சொல்லையும் எண்ணிப் பாருங்கள். வீட்டில் மருந்து அடித்தார்களா, காய்ச்சலுக்கு மருந்து சாப்பிட்டீர்களா என்று இரு கேள்விகள் அடுத்தடுத்து வரும். முன்னது பூச்சிமருந்து, பின்னது மாத்திரை. சிவகாசியில் மூன்றாவது பொருளும் உண்டு. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் சேர்ந்த கலவைக்கு அங்கே மருந்து என்றுதான் பெயர். ‘மருந்து வேலைக்குப் போகிறவர்’ என்றால் மருத்துவமனை ஊழியர் என்று வெளியூர்க் கணக்கெடுப்பாளர் எழுதிக்கொண்டால் வியப்பதற்கில்லை!

மலேரியா வந்ததா என்று நேரடியாகக் கேட்பதன் குறையைப் பன்னாட்டு வல்லுநர்கள் உணராமல் இல்லை. எனவே இன்று வழங்கும் மாதிரி வினாத்தாளில் கேள்வி வேறு விதமாக அமைந்திருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கடந்த இரண்டு வாரங்களில் காய்ச்சல் வந்ததா? வந்திருந்தால், சோதனைக்காக விரலிலோ குதிகாலிலோ இரத்தம் எடுத்தார்களா? எங்கே சிகிச்சை பெற்றீர்கள்? என்ன மருந்து கொடுத்தார்கள்? தடுப்புப் பக்கத்தில், வீட்டில் கொசுவலை எத்தனை? அதைக் காட்ட முடியுமா? நேற்றிரவு அதனுள் யார் யார் உறங்கினார்கள்? இருவருக்கு ஒரு வலை என்பது நல்ல வீட்டின் இலக்கணம்.

இந்தக் கேள்விகளின் அமைப்பில் உண்மையான நேர்த்தி இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. நோயின் பெயரைக் கேட்கவில்லை, தாய் கண்ணால் கண்ட காய்ச்சலைக் கேட்கிறார்கள். மூன்று மாதம் என்பதை இரண்டு வாரமாகச் சுருக்கியிருக்கிறார்கள்; இரண்டு வாரத்துக்கு முந்திய காய்ச்சலை நினைவில் வைத்திருப்பது கடினம் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ‘வலை பயன்படுத்துவீர்களா?’ என்று பொதுவாகக் கேட்டால் எல்லாரும் ஆம் என்பார்கள். ‘நேற்றிரவு’ என்று கேட்டால் பொய் சொல்வது சற்றுக் கடினம். இரத்தம் எடுத்தார்களா என்று கேட்பதும் அப்படியே. சோதனையின் பெயரைத் தாய் அறிய வேண்டியதில்லை. குழந்தை அழுதது நினைவிருந்தால் போதும்.

ஆனால் இந்த நேர்த்தி எந்த நாட்டு மலேரியாவுக்காகச் செய்யப்பட்டது என்று பாருங்கள். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் பிளாஸ்மோடியம் பால்சிபாரம் என்ற ஒட்டுண்ணி ஆண்டுதோறும் பல லட்சம் உயிர்களைக் கொள்கிறது. அவற்றில் பெரும்பகுதி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அங்கே வளர்ந்தவர்களுக்குத் திரும்பத் திரும்ப நோய் வந்து ஓரளவு எதிர்ப்பாற்றல் ஏற்பட்டுவிடுகிறது. அங்கே கொசு நள்ளிரவில், வீட்டுக்குள், உறங்கும் மனிதரைக் கடிக்கிறது. ஆகவே குழந்தையையும் வலையையும் கேட்பது அங்கே முற்றிலும் சரி. தமிழ்நாட்டிலோ நோய் அரிது. யாருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லை. எந்த வயதினரையும் அது தாக்கும். ஊர் விட்டு ஊர் வேலைக்குச் செல்லும் இளைஞரே அதை அதிகம் சந்திக்கிறவர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் காய்ச்சலை மட்டும் கேட்கும் வினாத்தாள், நம் மலேரியா நோயாளியின் வீட்டுக்குள் வந்தும் அவரைப் பார்க்காமல் திரும்பிவிடும்.

பட்டாசு வட்டாரத்தில் அவரைப் பார்ப்பது இன்னொரு விதத்திலும் கடினம். ஆணும் பெண்ணும் விடிந்ததும் ஆலை வண்டி ஏறிவிடுவார்கள். காலை பத்து மணிக்குக் கணக்கெடுப்பாளர் தெருவுக்குள் நுழைந்தால் கிழவியும் பள்ளிக்குப் போகாத குழந்தையும் இருப்பார்கள். மறுமுறை வர வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்ல கணக்கெடுப்பில் வருகிறார்கள். ஆனால் மாலை திரும்பி வந்த பெண் அடுப்பு மூட்டுவாரா, ஒரு மணி நேரக் கேள்விக்கு உட்காருவாரா? கூலியோ பெரும்பாலும் செய்த வேலையின் அளவுக்கு ஏற்றது. காய்ச்சலுக்காக ஒருநாள் நின்றால் அன்றைக்குக் கூலி இல்லை. எனவே சிகிச்சை எங்கே என்றால், தெருமுனை ‘மெடிக்கல்’லில். ‘காய்ச்சலுக்கு ஒரு செட்டு’ என்று கேட்டால் மூன்று நான்கு மாத்திரைகளைப் பிய்த்துத் தாளில் மடித்துக் கொடுப்பார்கள். என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்ற கேள்விக்கு இதில் எந்தக் கட்டத்தில் குறியிடுவது? வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, பாதி சிவப்புக் குப்பி ஒன்று. ‘தெரியாது’ என்ற கட்டத்தில்தான் குறி விழும். அந்தத் தெரியாது பிறகு அட்டவணையில் ஒரு விழுக்காடாகி, மக்களின் அறியாமையாக வாசிக்கப்படும். அறியாமை மாத்திரையை மடித்துக் கொடுத்த தாளில் இருக்கிறது என்பேன்.

இனிக் கொசு. வலையைப் பற்றிய கேள்வி எந்தக் கொசுவை மனத்தில் வைத்தது? நம் நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் ஸ்டீபன்சி. கிணறு, மொட்டைமாடித் தொட்டி, சிமெண்டுத் தொட்டி, டிரம் ஆகியவற்றில் தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடும். சாக்கடைக் கொசு இதுவல்ல. சென்னையும் தூத்துக்குடியும் இராமேசுவரமும் இதனால் பட்ட பாடு தெரிந்ததே. வானம் பார்த்த கரிசல் காட்டில் தண்ணீர் என்றால் சேமித்து வைப்பது என்றுதான் பொருள். குழாயில் தினமும் நீர் வராத ஊரில், வருகிற அன்றைக்குப் பிடித்து, அடுத்த முறை வரும் வரை வைத்திருக்க வேண்டும். ஸ்டீபன்சிக்கும், டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் இதைவிட வசதி வேறு வேண்டாம். ஏடிஸ் பகலில் கடிக்கும். ஸ்டீபன்சி மாலை மயங்கியதும் கடிக்கத் தொடங்கிவிடும். வலைக்குள் போவதற்கு முன்பே, வாசலில் உட்கார்ந்திருக்கும்போதே கடி விழுந்துவிடுகிறது. நம் மக்கள் வலையைவிட அதிகம் நம்புவது கொசுவர்த்திச் சுருளையும், மின்செருகியில் மாட்டும் திரவப் புட்டியையும்தான். ஏழைக் குடும்பமும் மாதாமாதம் அதற்குக் காசு செலவிடுகிறது. பன்னாட்டு அட்டவணையின் முக்கிய அளவுகோல்களில் அந்தச் செலவுக்கு இடமில்லை. வலை இல்லாத வீடு தடுப்பு இல்லாத வீடாகிவிடுகிறது. (கந்தக நெடி உள்ள ஊரில் கொசு இராது என்று சிவகாசிப் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. புகை அந்த வேளைக்குச் சில கொசுக்களை விரட்டலாம். தொட்டிக்குள் நெளியும் புழுவுக்குப் புகை ஒன்றும் செய்யாது.)

ஆலையின் உள்ளேயும் தண்ணீர் இருக்கிறது. தீ விபத்து அச்சத்தால் அறைகளுக்கு அருகே தொட்டியிலும் வாளியிலும் நீர் நிரப்பி வைத்திருப்பது பட்டாசுத் தொழிலில் கட்டாயம். அந்த நீர் தீப்பிடித்தால்தான் பயன்படும். மற்ற நாட்களில் அசையாமல் நிற்கும். வாரம் ஒருமுறை அதைக் கொட்டிக் கழுவுகிறார்களா என்று கேட்க வீட்டுக் கணக்கெடுப்பில் வழியே இல்லை. ஏனெனில் அது வீடு அல்ல. பகல் முழுவதும் மக்கள் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, அவர்கள் இல்லாத வீட்டைப் போய்க் கணக்கெடுப்பது வேடிக்கை அல்லவா?

இதே குறை, வெளிமாநிலத் தொழிலாளர் விஷயத்தில் வேடிக்கையைத் தாண்டி ஆபத்தாகிறது. இராசபாளையம் பக்கத்து நூற்பாலைகளிலும் மற்றத் தொழில்களிலும் ஒடிசா, சார்க்கண்டு போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். அம்மாநிலங்களின் காட்டுப் பகுதிகளில் மலேரியா இன்னும் உண்டு. ஆலை விடுதியில் தங்கியிருப்பவர்கள் ‘குடும்பம்’ என்ற இலக்கணத்துக்குள் வருவதில்லை; விடுதி, மருத்துவமனை, படைமுகாம் போன்ற இடங்கள் குடும்பக் கணக்கெடுப்பின் மாதிரியில் சேர்க்கப்படுவதில்லை. இப்படியாக, நோய்க்கிருமியை உடலில் சுமந்து வரக்கூடியவர் கணக்குக்கு வெளியே. கொசு வளரும் தொட்டி கணக்குக்கு வெளியே. உள்ளே இருப்பது கொசுவலை மட்டும்.

இப்போது சற்றுக் கணக்குப் போடலாம். பள்ளி மாணவர்களும் இதைத் தொடரலாம்; பெருக்கலும் வகுத்தலும் போதும்.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 707 மாவட்டங்களில் 6,36,699 வீடுகளைக் கண்டது. வகுத்தால் மாவட்டத்துக்குச் சராசரி 900 வீடுகள். நம் பக்கத்துக் குடும்ப அளவில் சுமார் 3,000 பேர். தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளில் பதிவாகும் மலேரியா ஆண்டுக்குச் சில நூறு. கணக்கு எளிதாக இருக்க 400 என்று கொள்வோம். ஏழரைக் கோடிக்கு மேற்பட்ட மக்களில் 400 என்றால், சுமார் இரண்டு லட்சம் பேருக்கு ஒருவர். 2011 மக்கள் தொகைக் கணக்குப்படி விருதுநகர் மாவட்டத்தில் 19 லட்சத்து 42 ஆயிரம் பேர். மாநிலச் சராசரியே இங்கும் என்றால் ஆண்டுக்குப் பத்துப் பேர். 3,000 பேரைக் கேட்டு அந்தப் பத்துப் பேரில் ஒருவரைச் சந்திக்க வேண்டுமானால், இதே அளவுள்ள கணக்கெடுப்பை அறுபதுக்கும் மேற்பட்ட முறை நடத்த வேண்டும். அதுவும் ஓராண்டு நினைவைக் கேட்டால். மூன்று மாத நினைவைக் கேட்டால் இருநூற்று அறுபது முறைக்கு மேல்!

அடுத்த படி இன்னும் முக்கியம். நூறு பேரில் ஒருவர், மலேரியா அல்லாத ஏதோ காய்ச்சலை மலேரியா என்று சொல்லிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிகச் சிறிய பிழைதான். பள்ளித் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. ஆனால் 3,000 பேரில் அது 30 பேர். உண்மையான நோயாளி ஏறக்குறைய யாருமில்லை. பொய்யான நோயாளிகள் முப்பது. அட்டவணையில் வரும் எண் முழுவதும் பிழையால் ஆனது. கணக்கெடுப்பாளர் நேர்மையானவர், வீட்டார் நேர்மையானவர்கள், கூட்டலும் சரி, இருந்தும் விடை தவறு. நோய் குறையக் குறைய, அதே கேள்வி மேலும் மேலும் பொய்யாகிறது. மலேரியாவை ஒழிக்க முனையும் நாட்டுக்கு இது சிறிய செய்தி அல்ல. 2027க்குள் உள்நாட்டுத் தொற்றே இல்லாமல் செய்து, 2030க்குள் முற்றும் ஒழிப்பது நம் நாட்டின் இலக்கு.

பருவத்தையும் சேர்த்துப் பாருங்கள். மழைக்காலத்தின் இறுதியில், கொசு மிகுந்திருக்கும்போது கேட்பதே மலேரியாவுக்கென்று நடத்தும் தனிக் கணக்கெடுப்பின் வழக்கம். பொதுவான குடும்பக் கணக்கெடுப்போ ஆட்களும் பணமும் கிடைக்கும் காலத்தில் நடக்கும். ஐந்தாவது கணக்கெடுப்பின் இரண்டாம் கட்டம், தமிழ்நாடு அதில் அடக்கம், 2020 சனவரிக்கும் 2021 ஏப்ரலுக்கும் இடையே, கொரோனா ஊரடங்கால் அறுபட்டு அறுபட்டு நடந்தது. கொரோனா பரவிய நாட்களில் வாசலில் நிற்கும் அந்நியரிடம் வீட்டில் காய்ச்சல் என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்?

இவ்வளவும் சொன்ன பிறகு, வீட்டில் போய்க் கேட்பதே வீண் என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. மருத்துவமனை ஏட்டில் ஒருபோதும் வராத செய்தி வீட்டில்தான் இருக்கிறது. இதற்கு நம் நாட்டிலேயே பெரிய எடுத்துக்காட்டு உண்டு.

2001 முதல் 2003 வரை நாடெங்கும் ஒன்றேகால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவான இறப்புகளைப் பற்றி, தலைமைப் பதிவாளர் அலுவலக ஊழியர்கள் இறந்தவர் வீட்டுக்கே சென்று விசாரித்தார்கள். நோய் எப்படித் தொடங்கியது, எத்தனை நாள் காய்ச்சல், நடுக்கம் இருந்ததா, நினைவிழந்தாரா என்று கேட்டு எழுதியதை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படித்துக் காரணம் குறித்தார்கள். ‘வாய்மொழிப் பிணஆய்வு’ என்று இந்த முறையைச் சொல்லலாம். தமிழ்நாட்டில் சென்னையிலும் விழுப்புரத்திலும் 80 ஆயிரம் வயதுவந்தோர் இறப்புகளில் டாக்டர் வேந்தன் கஜலட்சுமி, ரிச்சர்டு பீட்டோவுடன் சேர்ந்து முன்னரே கையாண்ட முறை அது. அகில இந்திய ஆய்வின் மலேரியா முடிவு 2010இல் லான்செட் ஏட்டில் வந்தபோது பெரும் பரபரப்பு. ஆண்டுக்கு 2 லட்சத்து 5 ஆயிரம் பேர் எழுபது வயதுக்குள் மலேரியாவால் இறக்கிறார்கள் என்றது அது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பு அன்று 15 ஆயிரம். நம் அரசின் பதிவு ஆயிரத்தையொட்டி. மறுப்பும் உடனே எழுந்தது. காய்ச்சலோடு இறந்தவர் எல்லாரும் மலேரியாவால் இறந்தவர் ஆவாரா, டைபாய்டும் மூளைக்காய்ச்சலும் இரத்தநச்சும் எங்கே போயின என்று உலகச் சுகாதார நிறுவனம் கேட்டது. நியாயமான கேள்வி, குளிர்காய்ச்சல் பற்றி நாம் மேலே கேட்டதும் அதுவே.

ஆனால் ஆய்வாளர்களின் மறுமொழியும் எளிதில் தள்ளக்கூடியதல்ல. அவர்கள் குறித்த மலேரியா இறப்புகள் எங்கும் சமமாகப் பரவியிருக்கவில்லை. ஒடிசாவில் மிக அதிகம். பால்சிபாரம் கிருமி ஏற்கனவே மிகுந்துள்ள இடங்களிலேயே குவிந்திருந்தன. மழையைத் தொடர்ந்து ஏறின. வெறும் பிழையென்றால் இப்படி வரைபடத்தோடும் பருவத்தோடும் ஒத்துப்போகுமா? அதைவிடக் கனமான செய்தி, இறந்தவர்களில் 86 விழுக்காட்டினர் எந்த மருத்துவமனையிலும் இறக்கவில்லை என்பது. 2 லட்சம் என்ற எண் மிகையாக இருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன். ஆயிரம் என்ற எண் நம்பத்தக்கதல்ல என்பதை அந்த வீட்டு வாசற்படிகள் நிறுவிவிட்டன. மருத்துவமனைக்கு வராத சாவை மருத்துவமனை ஏடு எப்படி எண்ணும்?

ஆக, எங்கே எந்தக் கேள்வி என்பதே விஷயம். இதில் நம் பழைய மலேரியாப் பணியாளர் ஒருவகையில் இன்றைய கணக்கெடுப்பாளரைவிட முன்னே நின்றார். 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1958இல் அதுவே ஒழிப்புத் திட்டமானது. விடுதலையின்போது ஆண்டுக்கு ஏழரைக் கோடியாக மதிப்பிடப்பட்ட நோயாளிகள், 1965வாக்கில் ஒரு லட்சமாகக் குறைந்தார்கள். அதைச் சாதித்ததில் டி.டி.டி. மருந்தின் பங்கை எல்லாரும் சொல்வார்கள்; இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீடு வீடாக வந்தவரைச் சொல்பவர் குறைவு. சுவரில் அச்சுத்தகடு வைத்துக் கட்டம் வரைந்து, வந்த தேதியை எழுதிவிட்டுப் போவாரே, அவர்தான். காய்ச்சல் உண்டா என்று அவரும் கேட்டார். உண்டு என்றால் விரலில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்தார். குழந்தை, கிழவர், விருந்தாளி என்ற பேதம் இல்லை. கேள்வி, சோதனை, சிகிச்சை மூன்றும் ஒரே கையில்.

அவரிடமும் குறை வந்தது. ஆண்டில் மக்கள் தொகையின் பத்து விழுக்காட்டினருக்காவது இரத்தச் சோதனை என்று அளவு வைத்தார்கள், அளவு இலக்காயிற்று, இலக்கை நிரப்பக் காய்ச்சல் இல்லாதவர் விரலையும் குத்தும் வழக்கம் ஆங்காங்கே புகுந்தது. தகடுகள் குவிந்து, முடிவு வர வாரங்கள் ஆயின. நோய் போய்விட்டது என்ற நிம்மதியில் பணமும் ஆளும் குறைந்தன. கொசுக்களும் பூச்சிமருந்துக்குப் பழகிவிட்டன. 1976இல் நோயாளிகள் 64 லட்சம். நம் அண்டை நாடான இலங்கையில் இன்னும் கொடுமை. 1963இல் ஆண்டுக்கு 17 பேர் என்ற நிலைக்கு இறங்கியது, 1960களின் இறுதியில் பல லட்சமாக மீண்டது. பின்பு அவர்கள் ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியே தொடர்ந்து விசாரித்து, உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளியை 2012இல் கண்டு, 2016இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்று பெற்றார்கள். அதே 2016இன் இறுதியில் மன்னாரில் ஸ்டீபன்சி கொசு முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதைக் கண்டது வலை எத்தனை என்று கேட்டவர் அல்ல. கிணற்றுக்குள் புழுவைத் தேடியவர்.

நம் ஊரிலும் தொட்டிகளைத் திறந்து பார்க்கும் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் வருகிறார்கள். நூறு வீட்டில் எத்தனை வீட்டில் புழு, நூறு கலத்தில் எத்தனை கலத்தில் புழு என்று அவர்கள் குறிக்கிறார்கள். குடும்பக் கணக்கெடுப்பின் வினாத்தாளும் இந்த ஏடும் ஒரே மாவட்டத்தில், ஒரே தெருவில் எழுதப்பட்டும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. வினாத்தாளில் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறார்கள். எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எதில் பிடித்து வைக்கிறீர்கள், மூடி இருக்கிறதா என்று தொடர்ந்து கேட்டு, எழுந்துபோய் மூடியைத் திறந்து பார்த்தால், வலையைப் பற்றிய பத்துக் கேள்விகளைவிட அது சிவகாசிக்கு உதவும். கடந்த ஒரு மாதத்தில் வேறு எந்த ஊரில் இரவு தங்கினீர்கள் என்ற ஒரு கேள்வி, எல்லா வயதினருக்கும், குழந்தைக் காய்ச்சல் பகுதி முழுவதையும்விட நம் மாவட்டத்துக்கு அதிகம் பயன்படும்.

உலக அளவில் இந்த வினாத்தாள்களை வடிவமைத்து வந்த அமெரிக்க நிதி 2025 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. பல ஏழை நாடுகளுக்கு அது பேரிழப்பு. நம் கணக்கெடுப்பை மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக நடத்துவது மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள் தொகை ஆய்வு நிறுவனம். கேள்விகளை நாமே மாற்ற முடியும் என்பதே என் வாதம்.

மாற்றும்போது சிகிச்சைப் பகுதியில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் காணப்படும் மலேரியாவில் பெரும்பகுதி வைவாக்சு வகை. இதன் கிருமி இரத்தத்தில் அழிந்த பிறகும் கல்லீரலில் உறங்கிக் கிடக்கும். மாதங்கள் கழித்து விழித்து மீண்டும் காய்ச்சலைத் தரும். அந்த இடைவெளிக்குப் பின் மீண்டும் கொசுவுக்குள் ஏறும். மூன்று நாள் குளோரோகுயினில் காய்ச்சல் நின்றுவிடும். உறங்கும் கிருமியைக் கொல்ல 14 நாள் பிரைமாகுயின் சாப்பிட வேண்டும். கருவுற்ற பெண்ணுக்கும் கைக்குழந்தைக்கும் இது கூடாது, ஜி-6-பி.டி. என்ற நொதிக் குறைபாடு உள்ளவருக்கு இரத்தச் சிவப்பணு சிதையும் என்பதால் மருத்துவர் பார்த்தே தர வேண்டும். காய்ச்சல் நின்ற நான்காம் நாள் ஆலைக்குப் போய்விட்டவர் பதினான்காம் நாள் வரை மாத்திரையைத் தொடர்ந்தாரா? ‘மலேரியா மருந்து கிடைத்ததா?’ என்ற கேள்விக்கு அவர் வீட்டில் ஆம் என்றே விடை வரும். அட்டவணையில் அவர் சிகிச்சை பெற்றவர்.

கொசுவலையைக் கண்ணால் பார்த்தே குறிக்க வேண்டும் என்று கணக்கெடுப்பாளருக்குப் பயிற்சி தருகிறார்கள். மாத்திரை அட்டையையும் அப்படியே எடுத்துவரச் சொல்லலாம். வளர்ந்தவருக்கு ஏழரை மில்லிகிராம் மாத்திரை நாளைக்கு இரண்டு, 14 நாளைக்கு 28. அட்டையில் எத்தனை குழி காலி என்று எண்ணி எழுத எழுத்தறிவுகூட அதிகம் வேண்டாம்.